கேட்கிறது, ஆனால் பதில் இல்லை: படகு வயர்லெஸ்ஸின் கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டறியும் முறை

விசைப்படகின் வீல்ஹவுஸில் (சுக்கான் அறையில்) மாட்டியிருக்கும் கடல்சார் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அனுமானத்திலிருந்து பிறக்கின்றன. பிறர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, ஆகவே நாம் பேசுவதும் பிறருக்குக் கேட்கும் என்பதே அந்த அனுமானம். இது உண்மையன்று. கேட்பதற்குக் கருவிக்கு அரை ஆம்பியர் மின்னோட்டமே போதும். பாதி அறுந்த ஆண்டெனாவும் அருகிலுள்ள படகுகளின் குரலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். முழுத் திறனான 25 வாட்டில் பேசும்போதோ அதே கருவி ஐந்து முதல் ஆறு ஆம்பியர் வரை இழுக்கிறது, ஆண்டெனாவின் ஒவ்வொரு இணைப்பும் சரியாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. எனவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, தவறு கேட்பதில் இருக்கிறதா, கேட்கப்படுவதில் இருக்கிறதா என்பதுதான்.

படகு இப்போதே ஆபத்தில் இருந்தால் கோளாறு தேடும் வேலையை நிறுத்திவிட வேண்டும். டி.எஸ்.சி. வசதி (பொத்தானை அழுத்தினால் அபாய எச்சரிக்கையைத் தரவாக அனுப்புவது) உள்ள கருவியானால் மூடியைத் தூக்கிச் சிவப்புப் பொத்தானை ஐந்து வினாடி வரை அழுத்திப் பிடித்து, எச்சரிக்கை வெளியேறியதைத் திரையில் பார்த்துவிட்டு, பதிலுக்காகக் கால் நிமிடத்துக்கு மேல் காத்திராமல் அபாய அழைப்புக்கான சேனல் 16-இல் முழுத் திறனில் பேசத் தொடங்க வேண்டும். கைப்பேசியில் சிக்னல் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை இன்னொருவர் அழைக்கலாம். ஆனால் கைப்பேசி அழைப்பு ஒருவருக்கு மட்டுமே கேட்கும். இரண்டு கடல் மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்குக் கேட்பது வயர்லெஸ் மட்டும்தான். மற்றவை எல்லாம் துறையில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவை.

அறிகுறி: மைக் பொத்தானை அழுத்தியவுடன் திரை மங்குகிறது அல்லது கருவி அணைந்து மீண்டும் எரிகிறது

இது கருவியின் கோளாறு போலத் தோன்றினாலும் ஏறத்தாழ எப்போதும் மின் இணைப்பின் கோளாறே. மல்டிமீட்டரைப் பேட்டரியின் முனையில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. கருவியின் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் வைத்து, இன்னொருவர் மைக்கை அழுத்தும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும். 12 வோல்ட் கருவிகள் பொதுவாக 13.6 அல்லது 13.8 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. பேசும்போது அளவு 11-க்குக் கீழே இறங்கினால் சில கருவிகள் தாமாகவே குறைந்த திறனுக்கு மாறும், சில அணைந்துவிடும்.

கணக்கு எளியது. வீட்டு மின்வேலைக்கு வாங்கிய 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை எட்டு மீட்டர் தொலைவுக்கு இழுத்திருந்தால், போக வர இரண்டையும் சேர்த்துப் பதினாறு மீட்டர் செம்பு வழியே மின்னோட்டம் செல்கிறது. அதன் தடை ஏறத்தாழ 0.38 ஓம். 5.5 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும், பேட்டரியில் 12.2 இருந்தாலும் கருவிக்குக் கிடைப்பது பத்தைச் சுற்றிய அளவே. 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாற்றினால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும். வயர் போதிய தடிமனாக இருந்தும் அளவு இறங்கினால் ஃபியூஸ் தாங்கியையும் பேட்டரி முனையையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் செம்பின் மேல் படியும் பச்சைக் களிம்பு, கண்ணுக்கு இணைப்புப் போலவும் மின்னோட்டத்துக்குச் சுவர் போலவும் இருக்கும்.

24 வோல்ட் பேட்டரி அமைப்புள்ள படகில், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கருவிக்குக் கொடுக்கும் வழக்கம் நல்லதன்று. ஒரு பேட்டரி விரைவில் வடிந்து, மற்றொன்று அளவுக்கு மீறி ஏறும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றி வாங்குவதே சரி. ஆனால் அந்த மாற்றியே இரைச்சலுக்குக் காரணமாகலாம் என்பதை இரைச்சல் பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

அறிகுறி: பிறர் பேசுவது கேட்கிறது, நாம் பேசினால் யாரும் பதில் சொல்வதில்லை

முதலில் கருவியைத் திறக்காமல் பார்க்க வேண்டியவை மூன்று உண்டு. திரையில் குறைந்த திறன் என்ற குறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குள் பேசும்போது 1 வாட்டுக்கு மாற்றியவர்கள் வெளியே வந்து 25-க்குத் திருப்ப மறப்பது அன்றாடம் நடப்பது. அடுத்து, மைக்கை அழுத்தும்போது அனுப்புவதற்கான குறி அல்லது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லையென்றால் மைக்கின் பொத்தானோ சுருள் கம்பியோ பழுது. மூன்றாவது, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: கருவி எந்த நாட்டுச் சேனல் அட்டவணையில் இருக்கிறது என்பது.

வெளிச்சந்தைக் கருவிகள் பலவற்றில் பன்னாட்டு அட்டவணை, அமெரிக்க அட்டவணை, கனடிய அட்டவணை என மூன்று இருக்கும். சேனல் 16 மூன்றிலும் 156.800 மெகாஹெர்ட்ஸ்தான், எனவே அதில் வித்தியாசம் தெரியாது. வேறு சில சேனல்களில் அதே எண் வேறு அலைவரிசையைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, பன்னாட்டு அட்டவணையில் சேனல் 22 இரட்டை அலைவரிசைச் சேனல், கப்பல் 157.100-இல் பேசி 161.700-இல் கேட்கும். அமெரிக்க அட்டவணையில் அதே இடத்திலுள்ள சேனல் இரண்டுக்கும் 157.100-ஐயே பயன்படுத்தும். ‘பதினாறில் கேட்கிறது, வேறு சேனலுக்கு மாறினால் ஆளையே காணோம்’ என்ற புகாருக்குப் பல நேரங்களில் விடை இதுவே. இந்தியக் கடலிலும் இலங்கைக் கடலிலும் பன்னாட்டு அட்டவணையே வேண்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு பொறி, இரண்டு படகுகள் பேசிக்கொள்ள இரட்டை அலைவரிசைச் சேனலைத் தேர்ந்தெடுப்பது. சேனல் 26-இல் இரு படகுகளும் 157.300-இல் பேசி 161.900-இல் காதை வைத்திருக்கும். இருவரும் எவ்வளவு கத்தினாலும் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது, ஆனால் கரை நிலையம் அச்சேனலில் இயங்கினால் இருவருக்கும் அதன் குரல் நன்றாகக் கேட்கும். படகுக்கும் படகுக்கும் இடையே பேச 6, 8, 72, 77 ஆகியவை ஒற்றை அலைவரிசைச் சேனல்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தால் சந்தேகம் ஆண்டெனாவின் மேல் திரும்ப வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் கட்டியிருக்கும் படகிடம் ‘கேட்கிறதா?’ என்று கேட்டு ‘நன்றாகக் கேட்கிறது’ என்ற பதிலைப் பெறுவது சோதனையே ஆகாது. ஐம்பது மீட்டர் தொலைவில் ஆண்டெனா கழன்று கிடந்தாலும் கருவியின் குரல் கேட்கும். குறைந்தது நான்கைந்து கடல் மைல் தள்ளியுள்ள படகிடமோ கரை நிலையத்திடமோ கேட்டால்தான் விடைக்கு மதிப்புண்டு.

கருவிக்கும் கேபிளுக்கும் இடையே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (அனுப்பிய ஆற்றல் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்று காட்டுவது) இணைத்துப் பார்த்தால் ஊகம் தேவையில்லை. அளவு 1.5-க்குள் இருந்தால் நன்று. 3-ஐத் தாண்டினால் அனுப்பிய ஆற்றலில் கால் பங்கோ அதற்கு மேலோ திரும்பி வருகிறது, கருவியின் அனுப்பும் பகுதி சூடேறிக் கெடவும் வாய்ப்புண்டு. மீட்டர் இல்லாதவர்கள் பார்க்க வேண்டிய இடம் கேபிளின் முனையிலுள்ள பி.எல்.259 கனெக்டர். மழையும் அலைத்தூறலும் அதன் வழியே கேபிளுக்குள் இறங்கும். உள்ளேயுள்ள செம்புப் பின்னல் கறுத்திருந்தால், கனெக்டரை மட்டும் மாற்றுவது வீண். கறுப்பு முடிந்து பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும், அப்படி ஓர் இடம் வராவிட்டால் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டும். புதிய இணைப்பின் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுவதைக் காட்டிலும், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுவது நீண்ட நாள் நிற்கும்.

அறிகுறி: அருகில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது, கரைக்கு எட்டவில்லை

இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். வி.எச்.எஃப். அலை கடலின் வளைவைப் பெரிதும் தாண்டாது. எட்டும் தூரத்தை முடிவு செய்வது வாட்டைவிட உயரமே. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, மறுமுனையின் உயரத்துக்கும் அவ்வாறே கண்டு, இரண்டையும் கூட்டி 2.25-ஆல் பெருக்கினால் தோராயமான கடல் மைல் கிடைக்கும். நான்கு மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இரு படகுகளுக்கு இடையே இது 9 கடல் மைல். அதே படகுக்கும் 64 மீட்டர் கோபுரமுள்ள கரை நிலையத்துக்கும் 22.5 கடல் மைல். மிதவையில் உட்கார்ந்துகொண்டு கையடக்கக் கருவியைத் தலைக்குச் சமமாக, அதாவது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே பிடிப்பவருக்கும் நான்கு மீட்டர் ஆண்டெனாவுள்ள படகுக்கும் இடையே ஏழு கடல் மைலுக்கும் குறைவே.

எனவே முப்பது, நாற்பது கடல் மைலில் தங்கல் கிடக்கும் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும்) படகு கரையை நேரடியாக எட்டவில்லை என்றால் கருவியைக் குறை சொல்ல முடியாது. இடையில் இருக்கும் படகு வழியாகச் செய்தியைக் கடத்த வேண்டும். காற்றோட்டமில்லாத சில விடியல்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையங்கள் பக்கத்து வீடு போலக் கேட்பதுண்டு. கடல்மேல் வெப்பக்காற்று அடுக்கு மூடிபோல் படிந்து அலைகளைக் கீழே மடக்குவதால் வரும் விளைவு அது. அன்றைக்கு எட்டியதை வைத்து, நாளைக்கும் எட்டும் என்று யாரும் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

கணக்குப்படி எட்ட வேண்டிய தூரத்திலும் எட்டவில்லையென்றால் கேபிளின் வகையைப் பார்க்க வேண்டும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் இந்த அலைவரிசையில் இருபது மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபல் இழக்கும், அதாவது 25 வாட்டில் பத்து வாட்டே ஆண்டெனாவைச் சேரும்; தடித்த ஆர்.ஜி.213 கேபிளில் அந்த இழப்பு பாதிக்கும் குறைவு. மிஞ்சிய கேபிளைச் சுருட்டிக் கட்டி வைப்பவர்கள் அந்த இழப்பையும் சேர்த்தே சுருட்டி வைக்கிறார்கள்.

அறிகுறி: எதுவுமே கேட்கவில்லை

ஸ்குவெல்ச் குமிழை (இரைச்சலை அடக்கும் குமிழ்) முழுவதும் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்ற சீரான இரைச்சல் வர வேண்டும். வராவிட்டால் ஒலிபெருக்கி, ஒலியளவு, வெளி ஸ்பீக்கர் இணைப்பு என்ற வரிசையில் பார்க்கலாம். இரைச்சல் வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் ஆண்டெனாவோ சேனலோ தவறு. இரைச்சலை வெறுத்து ஸ்குவெல்ச்சை இறுதிவரை திருகி வைப்பவர்களுக்கு அருகிலுள்ள உரத்த குரல்கள் மட்டுமே கேட்கும். தொலைவில் தத்தளிப்பவரின் மெல்லிய குரலைத்தான் அந்தக் குமிழ் முதலில் வெட்டும். இரைச்சல் அடங்கும் இடத்திலேயே குமிழை நிறுத்த வேண்டும், அதைத் தாண்டக் கூடாது.

அறிகுறி: விளக்கையோ என்ஜினையோ போட்டவுடன் இரைச்சல் கூடுகிறது

எல்.இ.டி. விளக்குகள் மலிவாகிப் பரவிய பிறகு வந்த தொல்லை இது. விளக்கினுள் இருக்கும் மின்சுற்று விரைவாக மாறி மாறி இயங்கும்போது அதன் சிதறல் வி.எச்.எஃப். அலைவரிசையில் விழுகிறது, எல்.இ.டி. விளக்குகளால் கடல் வி.எச்.எஃப். தொடர்பு பாதிக்கப்படுவது பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட சோதனையை யாரும் செய்யலாம். விளக்குகளை அணைத்து, சந்தடியில்லாத ஒரு சேனலுக்கு மாற்றி, ஸ்குவெல்ச்சை இரைச்சல் சற்றே அடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்த விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் கேட்கிறதோ அதுவே குற்றவாளி. இரைச்சல் கேட்டால் பெறும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். பேச்சு கேட்பதாலேயே அந்தக் குறைவு இல்லை என்று ஆகாது. பாய்மரத்து உச்சியிலோ வீல்ஹவுஸ் கூரையிலோ ஆண்டெனாவை ஒட்டி இருக்கும் விளக்கை முதலில் சந்தேகிக்கலாம். 24-ஐ 12 ஆக்கும் மாற்றிகளுக்கும் கைப்பேசி சார்ஜர்களுக்கும் இதே சோதனை பொருந்தும்.

என்ஜினின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ‘ஊய்’ ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. டீசல் என்ஜினில் தீப்பொறிப் பிளக் கிடையாது என்பதால் ‘டிக் டிக்’ என்ற வெடிப்பொலிக்கு என்ஜினைக் காரணம் காட்ட முடியாது. பெட்ரோல் வெளிமோட்டார் பூட்டிய படகில் மட்டும் அது பொருந்தும்.

அறிகுறி: சேனல் 16-இல் ஓயாமல் என்ஜின் சத்தமும் பேச்சும் கேட்கிறது, யாரும் பேச முடியவில்லை

யாரோ ஒருவரின் மைக் பொத்தான் அழுந்தி மாட்டிக்கொண்டது என்று பொருள். மைக்கை இருக்கையின் இடுக்கில் செருகுவதாலும், பொத்தானின் ரப்பரில் உப்பு இறுகுவதாலும் இது நேர்கிறது. வி.எச்.எஃப். பேச்சு எஃப்.எம். முறையில் செல்வதால், இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தால் வலுவானதே கேட்கும், மெலிந்தது முற்றிலும் மறையும். ஆகவே ஒரு படகின் மாட்டிய மைக் பல கடல் மைல் சுற்றளவில் உள்ள அத்தனை பேரின் அபாய அழைப்பையும் விழுங்கிவிடும். அந்தப் படகைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவிக்குக் காது கேட்காது. புதிய கருவிகளில் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தானே நிறுத்தும் வசதி உண்டு, பழையவற்றில் இல்லை.

ஆகவே முதலில் தம் கருவியையே பார்க்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் வயர்லெஸ் அமைதியாக இருக்கிறது, அனுப்பும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால், ஊரே திட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படகு நம்முடையதுதான். மைக்கைக் கழற்றியோ கருவியை அணைத்தோ விட வேண்டும். பிறருடையது என்றால், பின்னணியில் கேட்கும் பேச்சைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டு கைப்பேசியிலோ கையசைத்தோ சொல்லலாம். இந்த நிலையில் உண்மையான ஆபத்து வந்தால் டி.எஸ்.சி. எச்சரிக்கையே முதல் வழி. அது சேனல் 70-இல், 156.525 மெகாஹெர்ட்ஸில், அரை வினாடித் தரவுத் துடிப்பாகச் செல்வதால் 16-இன் அடைப்பு அதைத் தடுப்பதில்லை. பேச்சுக்கு அப்பகுதிப் படகுகள் வழக்கமாகப் பேசும் சேனலுக்குப் போய் அங்கே ‘மே டே’ என்ற அபாய அழைப்பைச் சொல்ல வேண்டும். சேனல் 70-இல் மட்டும் பேசக் கூடாது. பெரும்பாலான கருவிகள் விடவும் விடா.

அறிகுறி: அழைத்தோம், கேட்டார்கள், ஆனால் யாரும் பொருட்படுத்தவில்லை

கருவியில் கோளாறில்லை, வழிமுறையில் இருக்கிறது. ‘ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா, தண்ணி ஏறுது’ என்ற அழைப்பு, அன்றாட அரட்டையில் கரைந்துபோகும். மே டே, பான் பான், செக்யூரிட்டே என்ற மூன்று சொற்களும் எல்லாரும் வாயை மூடிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பன்னாட்டு அளவில் ஒதுக்கப்பட்டவை. உயிருக்கோ படகுக்கோ உடனடியான பெரும் ஆபத்து என்றால் மட்டும் மே டே. என்ஜின் நின்றுவிட்டது, படகு மிதக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது என்றால் பான் பான். மிதந்து வரும் மரத்தடியையோ விளக்கணைந்த மிதவையையோ பற்றிப் பிறரை எச்சரிக்க வேண்டுமானால் செக்யூரிட்டே. நங்கூரம் போட முடியாத நிலையில் கச்சான் காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளத் தொடங்கினால், நேற்றுவரை பான் பான் ஆக இருந்த அதே என்ஜின் பழுது மே டே ஆகிவிடும். எல்லையைத் தீர்மானிப்பது ஸ்ராங்கின் (படகை ஓட்டும் தலைவரின்) பொறுப்பு. ஐயமிருந்தால் மேலே உள்ள சொல்லைத் தேர்வதே நல்லது என்பது என் எண்ணம்.

நாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு படகில் தண்ணீர் ஏறினால் செய்தி இப்படி இருக்கும்: “மே டே, மே டே, மே டே. இது”, பிறகு படகின் பெயர் மூன்று முறை, அழைப்புக் குறியோ பதிவு எண்ணோ, எம்.எம்.எஸ்.ஐ. எண் (கருவியில் பதியும், படகுக்குரிய அடையாள எண்). “மே டே”, மீண்டும் படகின் பெயர் ஒரு முறை. “நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே 18 கடல் மைல். வடக்கு 10 டிகிரி 46 மினிட், கிழக்கு 80 டிகிரி 09 மினிட். என்ஜின் அறையில் தண்ணீர் ஏறுகிறது, படகு மூழ்குகிறது. உடனே ஆட்களை மீட்க வேண்டும். எட்டுப் பேர் இருக்கிறோம். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறோம். ஓவர்.” இடம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: பேட்டரி மூழ்கிக் கருவி பாதியில் நின்றாலும் தேடுபவர்களுக்கு எங்கே என்பது தெரிந்திருக்கும். எண்களை ‘பதினெட்டு’ என்று சொல்லிவிட்டு ‘ஒன்று எட்டு’ என்று பிரித்தும் சொல்வது, கரகரப்பில் ஓர் எண் வேறோர் எண்ணாகக் கேட்பதைத் தடுக்கும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் உதவி பெரும்பாலும் பக்கத்துப் படகிலிருந்து வருவதால் செய்தியைத் தமிழில் சொல்வதில் தவறில்லை. ஆனால் மிக அருகில் இருப்பது வேற்று நாட்டுச் சரக்குக் கப்பலாகவும் இருக்கலாம். அதன் அதிகாரிக்கு ‘மே டே’ புரியும், ஆங்கில எண்கள் புரியும், ‘தண்ணி ஏறுது’ புரியாது. ஒரு முறை தமிழில் முடித்தபின், இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் மட்டுமாவது ஆங்கிலத்தில் சொல்ல ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

அறிகுறி: சிவப்புப் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது இடம் இல்லாமல் போகிறது

ஒன்றுமே நடக்காததற்கு முதன்மைக் காரணம், கருவியில் எம்.எம்.எஸ்.ஐ. எண் பதியப்படாதது. ஒன்பது இலக்கமுள்ள அந்த எண் இல்லாமல் கருவி டி.எஸ்.சி. அழைப்பை அனுப்பாது. இந்தியப் படகுகளின் எண் 419 என்றும் இலங்கைப் படகுகளின் எண் 417 என்றும் தொடங்கும். எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டால் பல கருவிகளில் பயனர் தாமே திருத்த முடியாது, விற்பனையாளரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும். எனவே பதியும் முன் இருவர் சரிபார்க்க வேண்டும். கைமாறி வந்த கருவியில் பழைய படகின் எண் இருந்தால், மீட்புக் குழு வேறொரு படகைத் தேடிக்கொண்டிருக்கும்.

இடம் இல்லாமல் போவதற்கு ஜி.பி.எஸ். இணைப்பே காரணம். உள்ளே ஜி.பி.எஸ். இல்லாத கருவிகளில் பின்புறம் தொங்கும் இரண்டு மெல்லிய வயர்களைப் படகின் ஜி.பி.எஸ்.ஸோடு சேர்க்க வேண்டும். பொருத்தியவர் அவற்றை வெட்டி டேப் சுற்றிவிட்டுப் போனதைப் பல படகுகளில் பார்க்கலாம். திரையில் அட்சரேகையும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு உயிரோடிருக்கிறது. கையால் இடத்தைப் பதிந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத இடத்தைக் கருவி 23.5 மணி நேரத்துக்குப் பின் தானே அழித்துவிடும்.

அனுப்பப்பட்டது, ஒப்புகை வரவில்லை என்பது வேறு. டி.எஸ்.சி. கேட்கும் கரை நிலையம் எட்டும் தூரத்தில் இல்லையென்றால் ஒப்புகை வராது. மற்றப் படகுகள் டி.எஸ்.சி. ஒப்புகை அனுப்பாமல் 16-இல் பேச்சாகவே பதில் சொல்ல வேண்டும் என்பதே விதி. கருவி மூன்றரை முதல் நான்கரை நிமிட இடைவெளியில் எச்சரிக்கையைத் தானே திரும்பத் திரும்ப அனுப்பும். அதை அணைக்க வேண்டாம்.

அறிகுறி: தவறுதலாகச் சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டுவிட்டது

பயந்து கருவியை அணைத்துவிட்டு மௌனமாக இருப்பதே செய்யக்கூடியவற்றில் மோசமானது. எச்சரிக்கை ஏற்கெனவே வெளியேறிவிட்டது. ரத்து செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, இல்லையென்றால் அணைத்து மீண்டும் போட்டு, சேனல் 16-இல் “எல்லா நிலையங்களுக்கும்” என்று மூன்று முறை அழைத்து, படகின் பெயர், எம்.எம்.எஸ்.ஐ. எண், எச்சரிக்கை சென்ற நேரம் ஆகியவற்றைச் சொல்லி, அது தவறானது, ரத்து செய்யப்படுகிறது என்று அறிவிக்க வேண்டும். கடலோரக் காவல்படை நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். உடனே ஒப்புக்கொள்வதே, கப்பலும் விமானமும் வீணாகப் புறப்படுவதைத் தடுக்கும்.

அறிகுறி: பிறருடைய எச்சரிக்கை ஒலிக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை

ஒலியை நிறுத்தி, திரையிலுள்ள எம்.எம்.எஸ்.ஐ. எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் தாளில் எழுதிவிட்டு, சேனல் 16-இல் காது கொடுக்க வேண்டும். எடுத்தவுடன் பேசினால் ஆபத்திலிருப்பவரின் குரல் அமுங்கும். கரை நிலையத்துக்குச் சற்று நேரம் கொடுத்து, அது பதிலளிக்காவிட்டால் நாம் பேச்சில் பதிலளிக்க வேண்டும். கரைக்குக் கேட்டிருக்காது என்று தோன்றினால் “மே டே ரிலே” என மூன்று முறை சொல்லி, முதலில் நம் படகின் பெயரையும் பிறகு ஆபத்திலிருக்கும் படகின் செய்தியையும் கேட்டபடியே கடத்த வேண்டும். நம் இடத்தையும் அவர்கள் இடத்தையும் குழப்புவதே இதில் அடிக்கடி நேரும் பிழை.

அறிகுறி: வி.எச்.எஃப். எட்டவே எட்டாத ஆழ்கடல்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல கரையின் வி.எச்.எஃப். வீச்சுக்கு வெகு அப்பால் இருந்தன. எந்தப் பழுதுநீக்கமும் அந்தத் தூரத்தைக் குறைக்காது. அங்கே செயற்கைக்கோளே துணை. இஸ்ரோவின் அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2024-இல் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறையில் எச்சரிக்கை சென்று சேர்ந்ததற்கான பதில் படகுக்குத் திரும்பி வரும். 2019-இல் வந்த ஜெமினி கருவி புயல் எச்சரிக்கையைப் பெற மட்டுமே, அதிலிருந்து அழைக்க முடியாது. 406 மெகாஹெர்ட்ஸ் ஈ.பி.ஐ.ஆர்.பி. (செயற்கைக்கோள் வழியே அபாய எச்சரிக்கை அனுப்பும் மிதக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் சோதனைப் பொத்தானை மட்டுமே பயன்படுத்திச் சோதிக்க வேண்டும். பேட்டரியின் காலாவதித் தேதியையும், மூழ்கும்போது அதை விடுவிக்கும் நீரழுத்தப் பூட்டின் இரண்டாண்டுக் கெடுவையும் படகிலேயே எழுதி வைக்க வேண்டும். படகை விற்றவர் பதிவை மாற்றாவிட்டால், அழைப்பு போய்ச் சேருவது பழைய உரிமையாளரின் வீட்டுத் தொலைபேசிக்கு.

பழுது நீக்கிய பின்

வேலை முடிந்ததும் சோதனை அழைப்பைச் சேனல் 16-இல் நீட்டாமல், வேறு சேனலுக்கு மாறி, தொலைவிலுள்ள ஒருவரிடம் முழுத் திறனில் ஒரு முறையும் 1 வாட்டில் ஒரு முறையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று அவர் சொன்னால், அவர் மிக அருகில் இருக்கிறார், அல்லது 25 வாட் ஆண்டெனாவைப் போய்ச் சேரவில்லை. தேதி, சேனல், கேட்டவர் யார், அவர் எத்தனை கடல் மைலில் இருந்தார், எப்படிக் கேட்டது என்று சொன்னார் என்பதைக் கருவியின் அடியில் தொங்கும் நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த தங்கலில் அதே தூரத்தில் அதே ஆளுக்குக் குரல் மங்கலாகப் போகும் நாளில், கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியதைக் கருவி அடங்கிப்போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.